ஏட்டி என்றால் எயே

1

எனக்குப் பொறாமை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் மீதியை நிம்மதியாக எழுதலாம். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் வழக்கமாகப் பனி, தனிமை, நல்ல புளி கிடைக்காத கஷ்டம் என்று எழுதுவார்கள். நான் இருக்கும் கானாவில் பனி கிடையாது. வெயில் ராஜபாளையத்து வெயில்தான், கூடவே கடல் காற்று. புளியும் கிடைக்கிறது. எனக்குக் குறை ஒன்றே ஒன்றுதான். அபெனா என்கிற பாட்டுக்காரி.

நீங்கள் அவள் பெயரைக் கேட்டிருக்க மாட்டீர்கள், பாட்டைக் கேட்டிருப்பீர்கள். போன வருஷத்திலிருந்து போனைத் திறந்தாலே “ஏட்டி...” என்று ஒரு பெண் குரல் கூப்பிடும். அதே குரல் “எயே” என்று பதில் சொல்லும். பின்னால் கைதட்டல் மட்டும் கேட்கும். அது அவள் பாட்டு. அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, அவளே பாடியது. அதில் வரும் ஏட்டி என்னுடையது. அவளுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பாடும் மூன்று பெண்களில் ஓரமாக நிற்பவளும் என்னுடையவள்தான், என் மகள் பிரியா. ஒருத்தியிடமிருந்து இன்னொருத்தி எவ்வளவுதான் எடுத்துக்கொள்வாள்?

போன மாதம் என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ராஜபாளையம் வந்திருந்தேன். பிரியா வரவில்லை. அபெனாவுக்கு ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, அதை விட முடியாது என்று சொல்லிவிட்டாள். அத்தை மகள் கல்யாணத்தை விட முடிகிறது. அந்த மண்டபத்தில் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பின்கதை இருக்கிறது.

2

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். மம்சாபுரம், கூமாப்பட்டி, கான்சாபுரம் என்று சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர்க் கோயிலில் பொங்கல் வைத்தாலும் எங்கள் வேன் போய் நிற்கும். குழுவை நடத்தியவர் கீபோர்டு சேகர் அண்ணன். நான் பாட ஆரம்பித்தால் சினிமாவில் பாடியவரே நேரில் வந்தது போல இருக்கிறது என்பார்கள். விசில் பறக்கும், ஒன்ஸ்மோர் கேட்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது. அடுத்தவர் மாதிரியே இருப்பதில் அப்படி என்ன பெருமை என்று அந்த வயதில் யோசிக்கவில்லை. பாட்டு என்பது மெட்ராஸிலிருந்து வருவது. அதை வாங்கி ஒழுங்காகப் பாட வேண்டியது என் வேலை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

என்னைக் கட்டியவர் ராஜபாளையம், நூல் மில்லில் பிட்டர். கல்யாணமான கையோடு கானாவில் தேமா என்கிற துறைமுக ஊரில் ஒரு மில்லில் வேலை கிடைத்தது. சொந்தக்காரர்கள் சிரித்துத் தீர்த்துவிட்டார்கள். கானாவுக்கா போறா, அப்ப அங்கயும் பாட்டுத்தானா என்று பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள். இங்கே வந்து ஒரு பாட்டும் பாடவில்லை. சோறு பொங்கினேன், பிள்ளை பெற்றேன், வருஷா வருஷம் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பித்தேன்.

3

தேமாவில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே முற்றத்தைச் சுற்றி நாலு வீடுகள் உள்ள வளவு. எதிர் வீட்டில் ஒரு தையற்காரம்மா. அவள் மகள்தான் அபெனா. செவ்வாய்க்கிழமை பிறந்தவள் என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். இங்கே பிறந்த கிழமையே பெயராகிவிடும். நம் ஊரில் செவ்வாய்க்கிழமை ஒரு நல்ல காரியம் தொடங்க யோசிப்போம். இவர்கள் பிள்ளைக்கே அந்தப் பெயரை வைத்து, அவள் விளங்கியும் விட்டாள்.

அப்போது அவள் பள்ளிக்கூடம் போகிற சிறுமி. அவள் அம்மா விடிந்ததும் தையல் மிஷினில் உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுந்திருப்பாள். அபெனா முற்றத்தில் தானாக வளர்ந்தாள். நான் கைப்பிள்ளையோடு திண்டாடிக்கொண்டிருந்தேன். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஒரு ஆள் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? “ஏட்டி” என்று கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவோம். மதுரையைத் தாண்டி வடக்கே போய் யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் அடிக்க வந்துவிடுவார்கள். எங்களுக்கு அது பெயர் மாதிரி. ராஜபாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அத்தை மகளை “ஏமே” என்பார், இந்தப் பக்கம் என் மாமியார் “ஏட்டி” என்பார், தெருவில் உள்ள பெண் பிள்ளைகள் அத்தனையும் திரும்பிப் பார்க்கும்.

நான் கூப்பிட்டதும் அபெனா “எயே” என்று சொல்லிக்கொண்டே சிரித்தபடி ஓடிவருவாள். எயே என்றால் அவர்கள் பாஷையில் வாரேன் என்று அர்த்தம் போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவளும் வந்தாளே, வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

என் சொந்த மகளை நான் ஏட்டி என்று கூப்பிட்டதே இல்லை. அவளாவது நாகரிகமாக வளரட்டும், நல்ல தமிழ் பேசட்டும் என்று “பிரியாம்மா, இங்கே வாம்மா, சாப்பிடும்மா” என்று பாடப்புத்தகம் மாதிரி பேசினேன். அவள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தையும், முற்றத்தில் அபெனாவிடமிருந்து அவர்களுடைய துவி பாஷையையும் பிடித்துக்கொண்டாள். என்னிடம் பேச மட்டும் கொஞ்சம் தமிழ் வைத்திருக்கிறாள்.

4

அபெனா முதலில் மாதா கோயில் குழுவில் பாடினாள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிறகு சாவு வீடுகளில் பாடப் போனாள். இங்கே சாவென்றால் பந்தல், பெரிய ஸ்பீக்கர், கறுப்பும் சிவப்புமாகத் தைத்த உடுப்பு என்று தடபுடலாக இருக்கும். சனிக்கிழமை தவறாமல் அவளை அழைத்துப் போக வண்டி வரும். நான் கோயில் பொங்கலுக்குப் பாடியவள், இவள் சாவுக்குப் பாடுகிறவள் என்று எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அந்தத் திருப்தியில் அவளுக்கு முறுக்குகூடச் சுட்டுக் கொடுத்தேன்.

பிறகு கடற்கரை ஓட்டல் ஒன்றில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடும்போது பாடினாள். எல்லாம் அடுத்தவர் பாட்டு. சரி, இப்போது நாங்கள் இரண்டு பேரும் சமம், இவளும் இதோடு சரி, ஒரு நல்ல பையனாகப் பார்த்துக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

ஒரு நாள் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டே எதையோ பாடினாள். அவள் அம்மாவின் மிஷின் சத்தத்தையே தாளமாக வைத்த மாதிரி ஒரு மெட்டு. யார் பாட்டு என்று கேட்டேன். என் பாட்டு என்றாள். பாடுவது நீதான், எழுதியது யார் என்றேன். நான்தான் ஆன்ட்டி என்றாள். மெட்டு? அதுவும் நான்தான். எனக்குச் சுருக்கென்றது. யாரைக் கேட்டு இவள் எழுதினாள்? எங்கள் வேனில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். சொந்தமாக ஒரு பாட்டு எழுதலாம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. அன்று நான் வைத்த குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை. காரணம் கேட்ட வீட்டுக்காரரிடம் கத்தரிக்காய் சரியில்லை என்றேன்.

முதலில் அவள் வெளியிட்ட பாட்டுகளை யாரும் சீண்டவில்லை. நான் வருத்தப்பட்டேன் என்று எழுத ஆசைதான். நைஜீரியாவுக்குப் போனாள், லாகோஸ் நகரத்தில் ஆள் பிடித்து ஏதோ செய்து பார்த்தாள், ஒன்றும் நடக்காமல் தொண்டையையும் கெடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். காற்றுத்தான் வந்தது, குரல் இல்லை. அப்போது நான்தான் பார்த்துக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் அம்மா கொடுத்தனுப்பிய பனங்கற்கண்டைப் போட்டு மிளகுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். பேசக் கூடாது, கிசுகிசுவென்றும் பேசக் கூடாது, அதுதான் தொண்டையை இன்னும் கெடுக்கும் என்று சேகர் அண்ணன் எனக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். குரல் திரும்பி வந்தது. என் கையாலேயே ஊற்றி வளர்த்திருக்கிறேன் பாருங்கள். அந்தக் குரலில்தான் “ஏட்டி” பாடினாள்.

பிறகு லண்டன், பாரிஸ், விருது, பத்திரிகை அட்டை. தையற்காரம்மா இப்போது மிஷினை மூடிவிட்டு மாடி வீட்டில் இருக்கிறாள். பிரியா பள்ளிக்கூடம் முடித்ததும் தலைநகர் அக்ராவுக்குப் போய் அவள் குழுவில் சேர்ந்துகொண்டாள். அபெனா அக்காவிடம் எல்லாம் சொல்வாள். எனக்கு வாரம் ஒரு தடவை போன் செய்து சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வச்சிரவா என்பாள்.

5

குடிவரவு அலுவலகத்தைப் பற்றி எழுதாவிட்டால் வெளிநாட்டுக் குறிப்பு பூர்த்தியாகாது. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது என்று அவர்களுக்கு விளக்கி முடியாது. அங்கே நான் என் மாமனாரின் பெயரால் மேடம் ராமசாமி. ஒரு தடவை பிரியாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், அவள் அப்போது பள்ளிப் பிள்ளை. மேடம் ராமசாமி என்று அதிகாரி கூப்பிட்டார். எனக்குத் தெரிந்த ஒரே துவிச் சொல்லைக் கம்பீரமாக எடுத்து விட்டேன். “எயே!”

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, சந்தோஷம் மேடம், ஆனால் நான் அதைக் கேட்கவில்லையே என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிரியா என் சேலையை இழுத்து, எயே என்றால் நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம் அம்மா என்றாள். யாராவது “எத்தே சென்” என்று, அதாவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சொல்கிற பதிலாம்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் ஏட்டி என்று கத்தும்போதெல்லாம் அந்தப் பிள்ளை அதை எத்தே என்று கேட்டிருக்கிறாள். இந்த இந்திய ஆன்ட்டிக்கு நாக்கு சரியாகத் திரும்பவில்லை, பாதியை முழுங்கிவிட்டு நலம் விசாரிக்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். நான் வாளியைத் தூக்க ஆள் கூப்பிட்டேன். அவள் நல்லாருக்கேன் என்று பதில் சொன்னாள். அப்போது அவள் ஓட்டலில் பாடிக்கொண்டிருந்த காலம். இதைப் போய் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன்.

பாட்டு வந்தபோது விட முடியவில்லை. அதில் அவள் அந்தச் சொல்லை என்னை மாதிரியே நாக்கை மடித்துப் பாடுகிறாள். இந்த ஊர்க்காரர்களுக்கு அது ஒரு அழகான கொச்சை, நமக்கு அச்சு அசலான ஏட்டி. ஒரு டிவி பேட்டியில் அவளிடம் அதைப் பற்றிக் கேட்டார்கள். அன்று பிரியா லீவில் வந்திருந்தாள், சேர்ந்துதான் பார்த்தோம். அபெனா சொன்னதன் சாரம் இது: என் அம்மாவுக்கு மிஷினை விட்டுத் தலை நிமிர நேரம் இல்லை. முற்றத்தில் ஒரு ஆன்ட்டி மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்த்தாலும் கேட்டார். சில நாள் நான் நன்றாக இருக்க மாட்டேன். ஆனாலும் கேட்டுவிட்டாரே என்று எயே சொல்வேன். சொல்லச் சொல்ல நன்றாக இருக்கிற மாதிரி ஆகிவிடும்.

பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள், அந்த ஆன்ட்டி இந்த உடம்புக்குள் எங்கே இருக்கிறாள் என்று தேடுவது மாதிரி. எனக்கு வயிறு எரிந்தது. இது வேறு பொறாமை. அந்தப் பாட்டில் இருக்கும் பெண்மணி மேல் பொறாமை. அவள் விடிந்ததிலிருந்து அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் நலம் விசாரிக்கிறாள், என் மகள் அவளுக்காக அழுகிறாள். நான் வாளி தூக்கச் சொன்னவள்.

6

இப்போது கல்யாணத்துக்கு வருவோம். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டு மண்டபம். வாசலில் செண்டை மேளம், உள்ளே மெல்லிசை. மேடையில் யாரென்று பார்த்தால் சேகர் அண்ணன். தலை நரைத்து, அதே கீபோர்டு சிரிப்போடு இருந்தார். என்னைப் பார்த்ததும் வாசித்தபடியே கையைத் தூக்கினார். தாலி கட்டி முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் இலையில் கை வைக்கப்போகும்போது மேடையிலிருந்து அந்தப் பாட்டு வந்தது.

“ஏட்டி” என்று ஒரு பையன் பாடினான். பாவாடை தாவணியில் நின்ற ஒரு பெண் முகத்தைச் சுளித்து “அய்யே!” என்றாள். மண்டபமே கொல்லென்று சிரித்தது. எயே என்பது அவர்கள் காதில் அய்யே என்று விழுந்திருக்கிறது. மாமன் மகன் வம்புக்கு இழுக்க, அத்தை மகள் அருவருப்புக் காட்டுகிற பாட்டாக அதை ஆக்கிவிட்டார்கள். கைக்குழந்தைகூட அய்யே என்றது.

அபெனாவின் பாட்டைக் கெடுக்கிறார்களே என்று எனக்குக் கொண்டாட்டமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இல்லை. எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இலையை மூடிவிட்டு எழுந்தேன். என் நாத்தனார் செல்வி, எங்க மதினி போறீய, பாயசம் வருது என்றாள். நான் நேரே மேடைக்குப் போனேன்.

அண்ணே, அது அய்யே இல்ல, எயே என்றேன். அவர் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கை என் கையில் கொடுத்தார். “நீயே சொல்லும்மா. எம்புட்டு வருசமாச்சு ஒன் குரலக் கேட்டு.”

மைக் கையில் கனத்தது. எதிரே என் சொந்தபந்தம் முழுக்க உட்கார்ந்திருந்தது. இவர்கள் முன்னால் ஒரே ஒரு தடவை அந்தச் சொல் என்னுடையது என்று சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. சொன்னேன். “இது நான் அங்க எதிர்த்த வீட்டுப் பிள்ளையக் கூப்பிட்டது. ஏட்டி, அந்த வாளிய எடுன்னு கூப்பிடுவேன். அவ பாஷையில அது எப்படி இருக்கன்னு கேக்குத மாதிரி இருக்கும். அவ நல்லாருக்கேன்னு சொல்லுவா. அதத்தான் பாட்டாப் பாடிட்டா.”

முன்வரிசையில் இருந்த சின்ன மாமனார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “ஆப்பிரிக்காக்காரி ஒன்னையப் பத்திப் பாட்டுக் கட்டுனாளாக்கும்” என்றார். சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், நான் பாடிய காலத்தில் காமெடிக்காரருக்கு விழுகிற சிரிப்பு. சேகர் அண்ணன் என்னைக் காப்பாற்ற நினைத்துத் தாளத்தைத் தொடங்கிவிட்டார். வேறு வழியில்லாமல் “ஏட்டி...” என்று இழுத்தேன். குரல் நான் நினைத்ததை விட நன்றாகவே வந்தது. மண்டபம் ஒரே வாயாக “அய்யே!” என்று பதில் சொன்னது.

மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கி, கை கழுவுகிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டேன். சாப்பிடாத கையைக் கழுவினேன்.

7

அதற்குள் யாரோ வீடியோவைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார்கள். போன் அடித்தது. பிரியா. வாரம் ஒரு தடவைக் கணக்கில் இது வரவேண்டிய நாளே இல்லை.

எடுத்ததும் கேட்டாள், “அப்ப நீ அபெனா அக்காகிட்ட நல்லாருக்கியான்னு கேக்கவே இல்லையா?”

இல்லை என்றேன். சும்மா கூப்பிட்டதுதானா என்றாள். சும்மா கூப்பிட்டதுதான், நம்ம ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றேன். பாட்டை வைத்து இவள் கட்டி வைத்திருந்த அந்த ஆன்ட்டியும் இன்றோடு போனாள், எனக்கென்று மிச்சம் இருந்த கொஞ்ச மரியாதையும் அவளோடு போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே இன்னும் அய்யே போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு, இதை அபெனா அக்காவிடம் மட்டும் சொல்லாதே என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். அப்புறம் சொன்னாள்.

“அவங்களத்தான் ஏட்டின்னு கூப்பிட்டிருக்க. என்னைய ஒரு நாள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லையே அம்மா.”

அந்தக் குரலில் இருந்தது என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அது என் சொத்து. எத்தனையோ வருஷமாக நான் வைத்துப் புழங்குவது. என் மகளுக்கு அபெனா மேல் பொறாமை.

குழாயை மூடினேன். பாத்திரக்காரர்கள் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டு, “ஏட்டி” என்று கூப்பிட்டேன். பாட்டு மாதிரி இல்லாமல், தெருவில் கூப்பிடுகிற மாதிரி.

“எயே” என்றாள். முதல் எழுத்து வந்தது, இரண்டாவது எழுத்தில் காற்றுத்தான் வந்தது. இவ்வளவு நேரம் அவள் தாழ்ந்த குரலில் பேசியதை நான் வருத்தம் என்று நினைத்திருந்தேன். பாடியவள் காது எனக்கு, இப்போதுதான் திறந்தது.

“தொண்டைக்கு என்னட்டி ஆச்சு?”

அவள் அழ ஆரம்பித்தாள். முந்தின நாள் நிகழ்ச்சியில் பாதியிலேயே குரல் நின்றுவிட்டதாம். வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கூட்டம் கவனிக்கவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு இருந்து இருந்து பேசிப் பார்க்கிறாள், வர வர மோசமாகிறது.

பேசாதே, கிசுகிசுவென்றும் பேசாதே, நான் கேட்பதற்கு ஆமா இல்லை மட்டும் சொல் என்றேன். பனங்கற்கண்டு வாங்க நாளைக்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டும், டிக்கெட்டை மாற்ற வேண்டும் என்று மனம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்குத் தொண்டை போயிருக்கிறது, எனக்குள் இருந்தது கவலை மட்டும் இல்லை. அதையும் கேட்டுவிட்டேன்.

“அபெனாகிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல. ஒன்கிட்டதான்.”

“சொல்லாத” என்றேன். “நான் வாரேன்.”